ஜார்கிராம்: காட்டை வளர்த்த மக்களே யானையோடு மோதுவது ஏன்? வங்கத்தின் 'ஜங்கல்மஹால்' கதை

2024 ஆகஸ்ட் 15. நாடு முழுக்க சுதந்திர தினக் கொடியேற்றம் நடந்துகொண்டிருந்த நேரம். மேற்கு வங்க மாநிலம் ஜார்கிராம் நகரத்தில் மட்டும் வேற பரபரப்பு. குட்டிகளோடு ஒரு யானைக் கூட்டம் குடியிருப்புப் பகுதிக்குள் வந்துவிட்டது. யானை தாக்கி ஒருவர் இறந்தார். கூட்டத்தை விரட்டும்போது, நெருப்பு வைத்த இரும்புக் கம்பி ஒன்று ஒரு பெண் யானையின் முதுகில் பாய்ந்தது. எழுந்து நிற்க முடியாமல் தவித்த அந்த யானை பிழைக்கவில்லை.

அந்த வீடியோ இந்தியா முழுக்கப் பரவியது. பார்த்தவர்கள் எல்லோருக்கும் வந்த முதல் கேள்வி, "இவ்வளவு கொடூரமானவங்களா அந்த ஊர் மக்கள்?" என்பதுதான்.

ஆனால் இதே வட்டாரத்து மக்கள்தான் 50 வருஷத்துக்கு முன்னால் மொட்டையாகிப்போன ஒரு காட்டை ராத்திரி பகலாகக் காவல் காத்து மீண்டும் வளர்த்தவர்கள். அவர்கள் வளர்த்த காட்டுக்குத்தான் யானைகள் வந்தன. அப்படின்னா தப்பு எங்கே நடந்தது? அதைப் புரிஞ்சுக்க அந்த மண்ணையும் மக்களையும் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். விரிவாகப் பார்க்கலாம்.

ஜார்கிராம் எங்கே இருக்கிறது?

மேற்கு வங்கம்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வருவது கங்கைச் சமவெளி, மீன் குளங்கள், கொல்கத்தாவின் நெரிசல். ஜார்கிராம் அந்தப் படத்துக்குள் அடங்காது. மாநிலத்தின் தென்மேற்கு மூலை. மேற்கே ஜார்கண்ட், தெற்கே ஒடிசா. கொல்கத்தாவிலிருந்து ரயிலில் சுமார் மூன்று மணி நேரம் போனால் பச்சை வயல்கள் குறைந்து, சிவப்பு மண்ணும் நெடுநெடுவென உயர்ந்த சால் மரங்களும் தொடங்கிவிடும்.

மேற்கு மேதினிபூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, 2017 ஏப்ரல் 4-ம் தேதி மாநிலத்தின் 22-வது மாவட்டமாக உருவானது ஜார்கிராம். மொத்தம் 8 வட்டாரங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தப் பகுதியில் சுமார் 11 லட்சம் பேர். அதில் ஏறக்குறைய பத்துக்கு மூன்று பேர் பழங்குடியினர். நகரத்தில் வாழ்பவர்கள் மிகக் குறைவு. கிட்டத்தட்ட முழு மாவட்டமே கிராமம்தான்.

சந்தால், முண்டா, பூமிஜ், லோதா சபர் எனப் பல பழங்குடிகள் இங்கே வாழ்கிறார்கள். அவர்களோடு குர்மி மஹதோ விவசாயிகளும் இருக்கிறார்கள். ஜார்கிராம், மேற்கு மேதினிபூர், பாங்குரா, புருலியா ஆகிய மாவட்டங்களின் காட்டுப் பகுதிகளைச் சேர்த்து 'ஜங்கல்மஹால்' என்பார்கள்.

ஒரு மழை, ஒரு போகம்

இந்த மண் செம்புரைக்கல் மண். மழை நல்லாவே பெய்யும். ஆனால் நிற்காது. சரிவில் ஓடி கங்ஸாபதியிலும் சுபர்ணரேகாவிலும் கலந்துவிடும். பாசன வசதி இல்லாத ஊர்களில் வருஷத்துக்கு ஒரே ஒரு நெல் போகம்தான். ஆடி, ஆவணியில் நடவு. கார்த்திகை, மார்கழியில் அறுப்பு.

இந்த மேட்டுப் பகுதி விவசாயிகள் ஒரே ஊர் நிலத்தையே உயரத்தை வைத்துப் பிரித்துப் பேசுவார்கள். மேட்டு வயல் 'பாயித்'. நடுச்சரிவு 'கானாலி'. தண்ணீர் தங்கும் பள்ள வயல் 'பஹால்'. பஹால் நிலம் வைத்திருப்பவர் வீட்டில் வருஷம் முழுக்க சோறு இருக்கும். பாயித் மட்டும் வைத்திருப்பவருக்கு மழை பத்து நாள் தள்ளிப்போனாலே போச்சு.

அறுப்பு முடிந்ததும் என்ன செய்வது? ஒரு வழி, கிழக்கே பர்தமான், ஹூக்ளி மாவட்ட வயல்களுக்குக் கூலி வேலைக்குப் போவது. 'நாமால்' போவது என்று சொல்வார்கள். மேட்டிலிருந்து பள்ளத்து நாட்டுக்கு இறங்கிப்போவது என்ற பொருளில். இன்னொரு வழி, காடு.

காடு தரும் சம்பளம் எவ்வளவு நாளைக்கு?

சால மரம் என்றால் நமக்குப் புத்தர் கதை ஞாபகம் வரலாம். இரண்டு சால மரங்களுக்கு நடுவேதான் அவர் பரிநிர்வாணம் அடைந்ததாகச் சொல்வார்கள். ஜார்கிராம் பெண்களுக்கு அது அன்றாடச் செலவுக்கான காசு. விடியற்காலையில் காட்டுக்குள் போய் சால் இலை பறித்து, வெயிலில் வாட்டி, மெல்லிய குச்சியால் கோத்துத் தட்டு செய்கிறார்கள். நம்ம ஊர்ல மந்தாரை இலையில் செய்யும் தையல் இலை மாதிரியேதான். அந்தத் தட்டுகளை வியாபாரிகள் மொத்தமாக வாங்கி, இயந்திரத்தில் அழுத்தி வெளியூர்களுக்கு அனுப்புகிறார்கள். பறிப்பது, காயவைப்பது, தைப்பது எல்லாம் வீட்டுப் பெண்களின் வேலை. விலையை முடிவு செய்வது வியாபாரி.

மாதத்துக்கு ஒன்று என காடு ஏதாவது கொடுத்துக்கொண்டே இருக்கும்:

• பங்குனி, சித்திரையில் மஹுவா பூ. நம்ம இலுப்பையின் சொந்தக்காரன். காயவைத்துச் சாப்பிடுவார்கள், சாராயமும் காய்ச்சுவார்கள்.

• சித்திரை, வைகாசியில் கேந்து இலை. பீடி சுற்றும் இலை இதுதான். பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் வாங்கப்படுகிறது.

• அதைத் தொடர்ந்து சால் விதை. எண்ணெய் எடுக்கப் பயன்படும்.

• மழை பிடித்ததும் காளான். சால் காட்டின் இலைக் குப்பைக்கு அடியிலும் புற்று மண்ணிலும் முளைப்பது. சந்தையில் நல்ல விலைக்குப் போகும்.

• பிறகு 'குர்குட்'. மரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் செவ்வெறும்பும் அதன் முட்டையும். பச்சை மிளகாய், பூண்டு, உப்பு வைத்து அரைத்தால் புளிப்பான சட்னி.

• இவற்றோடு பாபுய் புல். அதைத் திரித்துக் கயிறு செய்து விற்பது பல வீடுகளின் வருமானம்.

நிலம் இருக்கிறவருக்கு இதெல்லாம் கூடுதல் வருமானம். நிலம் இல்லாத லோதா, சபர் குடும்பத்துக்கு இதுதான் முழு வருமானம். 2004-ல் பெல்பஹாரி வட்டாரத்தின் ஆம்லாசோல் கிராமத்தில் சபர் உள்ளிட்ட பழங்குடியினர் ஐந்து பேர் பட்டினியால் இறந்ததாக வெளியான செய்தி மாநிலத்தையே உலுக்கியது. காட்டுப் பொருளை மட்டும் நம்பியிருக்கும் குடும்பம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை அந்தச் செய்தி காட்டியது.

காடு யாருக்குச் சொந்தம்?

இந்தக் கேள்விக்கு 200 வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது.

1793-ல் கிழக்கிந்திய கம்பெனி வங்கத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் இந்தக் காட்டுப் பகுதியில் சிற்றரசர்களுக்குக் காவல் வேலை பார்த்தவர்களுக்கு வரியில்லா நிலம் இருந்தது. 'பாயிக்' எனப்படும் இந்த வீரர்களின் நிலங்களைக் கம்பெனி பறித்தது. விளைவு, 1798-99-ல் பெரிய கிளர்ச்சி. கர்ணகட் ராணி ஷிரோமணியின் பெயர் இன்றும் அந்தக் கிளர்ச்சியோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. ஆங்கிலேயர்கள் அதற்கு வைத்த பெயர் 'சுவார் கலகம்'. 'சுவார்' என்பது அந்த மக்களைத் திட்டும் சொல். 1805-ல் 'ஜங்கல் மஹால்ஸ்' என்ற தனி மாவட்டமே உருவாக்கினார்கள். பூமிஜ் மக்களின் எழுச்சிக்குப் பிறகு 1833-ல் அதைக் கலைத்துவிட்டார்கள்.

19-ம் நூற்றாண்டின் கடைசியில் ரயில் வந்தது. தண்டவாளக் கட்டைகளுக்கு சால் மரத்தைவிடத் தோதானது கிடையாது. காடுகள் வெட்டப்பட்டன. சுதந்திரத்துக்குப் பிறகு ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் வந்தது. 1950-களில் ஜமீன் காடுகள் அரசுக்குப் போகப்போகின்றன என்று தெரிந்ததும், ஜமீன்தார்கள் கைக்குக் கிடைத்தவரை மரத்தை வெட்டி விற்றார்கள். மிச்சமிருந்ததை விறகுக்காக ஊர் மக்களும் வெட்டினார்கள். 1970 வாக்கில் பல இடங்களில் புதரும் அடிக்கட்டையும்தான் இருந்தன.

இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்தவர்கள் சட்டத்தின் பார்வையில் 'திருடர்கள்' ஆனார்கள். லோதா சமூகத்தை ஆங்கிலேய அரசு குற்றப் பரம்பரைப் பட்டியலிலேயே சேர்த்தது. 1952-ல் அந்தச் சட்டம் போனது, முத்திரை போகவில்லை. லோதா சபர் சமூகத்தின் முதல் பெண் பட்டதாரியான சூனி கோட்டால், உயர்கல்வியில் சந்தித்த பாகுபாட்டை எதிர்த்துத் தொடர்ந்து புகார் கொடுத்தவர். 1992-ல் தற்கொலை செய்துகொண்டார்.

அரபாரி: விறகு வெட்டியவர்களே காவலர்கள்

1972. இன்றைய மேற்கு மேதினிபூர் மாவட்டத்தில் இருக்கிற அரபாரி காட்டில் வன அதிகாரி அஜித் குமார் பானர்ஜி ஒரு சோதனை செய்தார். காவலர்களை வைத்து காட்டைக் காப்பாற்ற முடியாது என்பது அவருக்குப் புரிந்திருந்தது. அதனால் சுற்றியிருந்த 11 கிராமங்களின் 618 குடும்பங்களிடம் நேரடியாகப் பேசினார். நிபந்தனை எளிமையானது. நீங்க காட்டைக் காப்பாத்துங்க. இலை, விதை, காளான், காய்ந்த விறகு உங்களுக்கு. காட்டு வேலைக்குக் கூலி உண்டு. மரம் வளர்ந்து வெட்டும்போது வருமானத்தில் 25 சதவீதம் உங்களுக்கு.

சுமார் 1,270 ஹெக்டேர் காடு. அதைக் காப்பாற்ற புதுசாகக் கன்று நட வேண்டியதுகூட இல்லை. சால் மரத்துக்கு ஒரு குணம் உண்டு. வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஆடு மாடு மேயாமல், கோடரி படாமல் சில வருஷம் விட்டால் போதும். மக்கள் முறை வைத்துக் காவல் நின்றார்கள். காடு எழுந்தது.

இந்த வெற்றியைப் பார்த்து 1989-ல் மேற்கு வங்க அரசு இதை ஆணையாக்கி, தென்மேற்கு மாவட்டங்கள் முழுக்க வனப் பாதுகாப்புக் குழுக்களைக் கொண்டுவந்தது. 1990-ல் மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் வழிகாட்டுதல் அனுப்பியது. இன்று இந்தியா முழுக்க 'கூட்டு வன மேலாண்மை' என்று சொல்கிறோமே, அதற்கு முன்மாதிரி இதுதான். தமிழ்நாட்டில் 1990-களின் கடைசியில் வந்த கிராம வனக் குழுக்களும் இதே வழியில் உருவானவைதான்.

காடு வந்தது, யானையும் வந்தது

ஜார்கண்டில் ஜாம்ஷெட்பூர் பக்கத்தில் இருக்கிறது தல்மா மலை. அங்கிருந்து யானைகள் முன்பெல்லாம் எல்லை ஓரம்வரை வந்து திரும்பிவிடும். 1980-களின் நடுவிலிருந்து நிலைமை மாறியது. வங்கத்துக்குள் காடு மறுபடி தழைத்திருந்தது. மறைந்து நிற்க இடம் கிடைத்தது. யானைகள் கங்ஸாபதி ஆற்றைத் தாண்டி வரத் தொடங்கின. முதலில் சில வாரங்கள். பிறகு சில மாதங்கள். இப்போது சில யானைகள் திரும்பிப் போவதே இல்லை.

ஆனால் சிக்கல் இங்கேதான். மறுபடி வளர்ந்தது பெரும்பாலும் சால் மட்டுமே இருக்கிற காடு. இடையிடையே வனத்துறை நட்ட யூகலிப்டஸ், ஆகாஷ்மோனி மரங்கள். ஒளிய இடம் இருக்கு, வயிற்றுக்குச் சோறு இல்லை. மரங்களும் சில வருஷத்துக்கு ஒருமுறை வெட்டப்படுபவை. காட்டுத் துண்டுகளுக்கு நடுவே வயல்கள். வெளியே வந்தால் கதிர் முற்றிய நெல். பல டன் எடையுள்ள ஒரு விலங்கு எதைத் தேர்ந்தெடுக்கும்?

2002-ல் ஜார்கண்ட் எல்லையை ஒட்டி 414 சதுர கிலோமீட்டர் பரப்பில் மயூர்ஜர்னா யானைகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. யானைகளை அங்கேயே தக்கவைக்கலாம் என்பது திட்டம். யானைகள் அந்தக் கோட்டுக்குள் நிற்கவில்லை.

யானை மட்டுமில்லை. 2018-ல் லால்கர் காட்டில் ஒரு வங்கப் புலி தென்பட்டது. சில வாரங்களில் அது வேட்டைக்குப் போனவர்களால் கொல்லப்பட்டது. 2024 டிசம்பரில் ஒடிசாவின் சிமிலிபாலிலிருந்து கிளம்பிய 'ஜீனத்' என்ற பெண் புலி ஜார்கிராம், புருலியா வழியாக நடந்து பாங்குராவில் பிடிபட்டது. காடு உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம். அதே காடு பக்கத்தில் தூங்குபவர்களுக்கு ஆபத்து என்பதற்கும் இதுவே சான்று.

'ஹுல்லா பார்ட்டி' என்றால் யார்?

யானை வந்தால் விரட்டும் உள்ளூர் இளைஞர் குழுவுக்கு 'ஹுல்லா பார்ட்டி' என்று பெயர். நீளமான இரும்புக் கம்பியின் முனையில் துணி சுற்றி, எண்ணெயில் நனைத்துக் கொளுத்துவார்கள். இதற்கு வனத்துறை கூலி கொடுக்கும். ஒரு கிராமம் விரட்டும் யானை அடுத்த கிராமத்து வயலில் இறங்கும். அந்தக் கிராமம் அதற்கடுத்த ஊருக்கு விரட்டும். இப்படி ராத்திரி முழுக்க ஓட விடப்படும் யானை மிரண்டு போகும். மிரண்ட யானை ஆளைக் கொல்லும்.

யானைகளை விரட்ட நெருப்பு உருண்டைகளையும் ஆணிகளையும் பயன்படுத்தக்கூடாது என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவசரத்துக்குத் தீப்பந்தம் பிடிக்க மட்டும் மேற்கு வங்கத்துக்குத் தற்காலிக அனுமதி கிடைத்தது. கையில் பிடிக்கும் பந்தத்துக்கும் எறியும் கம்பிக்கும் இடையில் இருக்கிற தூரம் எவ்வளவு சின்னது என்பதை 2024 ஆகஸ்ட் 15 காட்டியது.

துப்பாக்கி வந்த வருஷங்கள்

ஜார்கிராம் பெயர் தேசியச் செய்தியில் அதிகம் அடிபட்டது 2008 முதல் 2011 வரை. 2008 நவம்பரில் சால்போனியில் அப்போதைய முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்ஜியின் வாகன அணிவகுப்பைக் குறிவைத்துக் கண்ணிவெடி வெடித்தது. அதைத் தொடர்ந்த போலீஸ் தேடுதலில் பழங்குடியினர் மீது அத்துமீறல் நடந்ததாகச் சொல்லி லால்கரில் பெரும் போராட்டம் எழுந்தது. மாவோயிஸ்ட்கள் அதற்குள் வேரூன்றினார்கள். 2009 ஜூனில் மத்திய, மாநிலப் படைகள் இறங்கின. 2011 நவம்பர் 24-ல் மாவோயிஸ்ட் தலைவர் கிஷன்ஜி ஜார்கிராம் பக்கத்துக் காட்டில் கொல்லப்பட்டார்.

அந்த வருஷங்களில் இரண்டு பக்கத் துப்பாக்கிக்கும் நடுவில் மாட்டியவர்கள் கிராமத்து மக்கள். இலை பறிக்கக் காட்டுக்குள் போவதே உயிரைப் பணயம் வைப்பதாக இருந்தது. அதற்குப் பிறகு சாலைகள் வந்தன, மலிவு விலை அரிசி வந்தது, சுற்றுலா விடுதிகள் வந்தன. சந்தாலி மொழிக் கவிஞர் சாது ராம்சந்த் முர்மு பெயரில் ஜார்கிராமில் பல்கலைக்கழகமும் வந்தது.

நாட்காட்டி முழுக்க காடு

இந்த மக்களின் திருவிழாக்களைப் பார்த்தால் காட்டை அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று புரியும். சால் பூக்கும் காலத்தில் சந்தால் மக்களின் 'பாஹா' விழா. ஊர்க் கோயில்காடான ஜாஹேர் தானில் பூவைப் படைக்கும்வரை, அந்த வருஷத்துப் புதுப் பூவை யாரும் தலையில் சூட மாட்டார்கள். புரட்டாசிக்கு முன்னே 'கரம்' விழா. இளம் பெண்கள் கூடையில் மணல் நிரப்பி விதை தூவி முளைக்க வைப்பார்கள். நம்ம முளைப்பாரியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தீபாவளி அமாவாசையை ஒட்டி 'பாந்னா'. மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் பூசி, வீட்டுச் சுவரில் கோலம் போட்டுக் கொண்டாடுவது. நாம் பொங்கல் வைக்கும் அதே மகர சங்கராந்தி அன்று 'டுசு'. மாதம் முழுக்கப் பாடிய பெண்கள் வண்ணக் காகிதத்தில் கட்டிய சப்பரத்தை ஆற்றில் விடுவார்கள்.

மொழிக்கும் பெரிய போராட்டம் உண்டு. 1925-ல் ரகுநாத் முர்மு சந்தாலிக்கு 'ஓல் சிக்கி' என்ற சொந்த எழுத்தை உருவாக்கினார். 2003-ல் சந்தாலி அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் சேர்ந்தது. குர்மி மக்கள் தங்களை மறுபடி பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கவும், குர்மாலி மொழிக்கு அங்கீகாரம் தரவும் கேட்டு 2022-லும் 2023-லும் ரயில் மறியல் செய்தார்கள்.

பாந்னா கொண்டாடும் மாதமும் நெல் முற்றும் மாதமும் யானை வரும் மாதமும் ஒன்றுதான். பகலில் மாட்டுக்குப் பாட்டு, ராத்திரியில் வயலில் காவல். இதுதான் பல வீடுகளில் நிலைமை.

சட்டம் என்ன சொல்கிறது?

2006-ல் வந்த வன உரிமைச் சட்டம் இரண்டு விதமான உரிமையைத் தருகிறது. ஒன்று, தனிநபர் உழும் நிலத்துக்குப் பட்டா. இன்னொன்று, ஊர் முழுக்கச் சேர்ந்து பயன்படுத்தும் காட்டின் மீது சமூக உரிமை. இந்த இரண்டாவது உரிமை இருந்தால், எந்த மரம் நடலாம், எப்போது வெட்டலாம், இலைக்கு என்ன விலை என்பதில் கிராம சபைக்கும் ஒரு குரல் இருக்கும்.

மேற்கு வங்கம் முழுக்க சுமார் 44 ஆயிரம் தனிநபர் பட்டாக்கள் வழங்கப்பட்டிருக்கின்றன. சமூக உரிமைப் பட்டாக்கள் 700-கூட இல்லை. அதாவது காட்டைக் காப்பாற்ற 'குழு' வேண்டும். காட்டைப் பற்றி முடிவெடுக்கும்போது அந்தக் குழு வேண்டாம்.

அப்போ தீர்வு?

மேஜிக் தீர்வு எதுவும் கிடையாது. ஆனால் செய்யக்கூடியது என்ன என்பது தெளிவாகவே இருக்கிறது. சால் மட்டும் இல்லாமல், யானை தின்னும் மரமும் மூங்கிலும் உள்ள கலப்புக் காடு வேண்டும். யானை எந்தப் பக்கம் வருகிறது என்று செல்போனுக்கு முன்கூட்டியே தகவல் வர வேண்டும். பயிர் போனால் அடுத்த நடவுக்குள் இழப்பீடு கைக்கு வர வேண்டும். ஹுல்லா இளைஞர்களுக்குப் பந்தத்தைத் தவிர வேறு பயிற்சியும் நிரந்தர வேலையும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காட்டின் மீது ஊருக்குச் சட்டப்படி உரிமை வேண்டும்.

அரபாரி ஒப்பந்தத்தில் வருமானத்தில் மக்களுக்குக் கால் பங்கு, அரசுக்கு முக்கால் பங்கு. யானை வந்தபிறகு நஷ்டத்துக்கு அப்படி எந்தக் கணக்கும் எழுதப்படவில்லை. மிதிபட்ட வயல், இடிந்த சுவர், இறந்த உயிர் எல்லாம் காட்டோரத்து வீட்டின் கணக்கில்தான் ஏறுகிறது. யானையின் முதுகில் பாய்ந்த அந்தக் கம்பிக்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனால் அந்தக் கம்பி மறுபடி ஒருத்தர் கைக்கு வராமல் இருக்கணும்னா, தண்டனை மட்டும் போதாது. அந்தக் கணக்கையும் சேர்த்துத் திருத்தி எழுதணும்.